தினமும் சாவை நினைக்கிறேன், நெஞ்சு படபடக்கிறது. தொடரலாமா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதம் உங்கள் தகப்பனார், நீங்கள் அப்பச்சி என்று அழைப்பவர், தவறிவிட்டார். கடைசி மூன்று நாள் அவர் கண் திறக்கவில்லை, பேச்சில்லை. கேதம் கேட்க வந்த உறவினர் ஒருவர், தினமும் விடியற்காலையில் பத்து நிமிஷம் "இன்றைக்கே நான் போய்விடலாம்" என்று நினைத்துப் பார்த்தால் வாழ்க்கை நிறைவாகும் என்று சொல்ல, அதை ஒரு மாதமாக விடாமல் செய்துவருகிறீர்கள். நிறைவு வரவில்லை. பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறும்போது நெஞ்சு படபடக்கிறது, ராத்திரி மூன்று மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. ஆத்தாவிடம் பேச்செடுத்தால் "விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது" என்று அதட்டுகிறார். இந்தப் பழக்கம் உண்மையிலேயே பலன் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் இன்னும் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குத் தோன்றியது. மற்றவர்களுக்குப் பலித்தது எனக்கு மட்டும் ஏன் பலிக்கவில்லை என்பது ஒன்று. அப்பச்சியிடம் பேசாமல் விட்டதை இனி என்ன செய்வது என்பது இன்னொன்று. மூன்றுக்கும் என்னால் முடிந்த பதிலைச் சொல்கிறேன்.

நான் மருத்துவர். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்று வட்டாரத்தில், இனிக் குணமாகாது என்று சொல்லிவிட்ட நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது பல வருஷமாக என் வேலை. வலி, மூச்சுத்திணறல், புண், வாந்தி, மலச்சிக்கல் இவற்றைத் தணிப்பதும், வீட்டாருக்கு அடுத்து என்ன வரும் என்று சொல்வதும்தான் அந்த வேலையில் பெரும்பகுதி. மனநல மருத்துவம் நான் படித்த துறை அல்ல. அதனால் உடம்பைப் பற்றியும் கடைசி நாட்களைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். மனசைப் பற்றிச் சொல்வதில் அந்த அளவு உறுதி கிடையாது. எங்கே உறுதி குறைகிறது என்பதையும் அங்கங்கே சொல்வேன்.

உறுதியானதை முதலில் சொல்கிறேன். அந்தப் பத்து நிமிஷப் பழக்கத்தை இன்றோடு நிறுத்திவிடுங்கள். துக்கம் ஆறாத மனசில் அது தியானமாக நடப்பதில்லை. கண்ணை மூடி உங்கள் சாவை நினைப்பதாக நீங்கள் எண்ணுகிறீர்கள். மனசு எடுத்துக் காட்டுவது அப்பச்சியின் கட்டிலை. உடம்புக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இதயம் வேகமாக அடிக்கிறது, கை ஜில்லிடுகிறது, உடனே எழுந்து குளிக்கப் போய்விடுகிறீர்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போதே விட்டுவிட்டு எழுந்தால், அந்த நினைப்பே ஆபத்து என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதே இடத்தில், இன்னும் சீக்கிரமாகத் தொடங்குகிறது. பிறகு பள்ளி வேனைப் பார்த்தாலும் தொடங்குகிறது. உங்களிடம் குறை எதுவும் இல்லை. தகப்பன் போய் சில மாதங்களில் இந்தப் பயிற்சியை யார் தனியாகச் செய்தாலும் இப்படி ஆவதற்கு வாய்ப்பு அதிகம். நம் வழக்கத்தில் தலைத்திவசம் வரைக்கும் வீட்டில் நல்ல காரியம் எடுக்காமல் இருப்பதற்குப் பல காரணம் சொல்வார்கள். அந்த ஓராண்டு மனசு மற்ற ஆண்டுகளைப் போல இருக்காது என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன். 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் நீடித்த துக்கத்தைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தபோது, பெரியவர்களுக்கு அவர்கள் வைத்த எல்லையும் ஓராண்டுதான். அதற்குள் அழுகை வருவதும் தூக்கம் கெடுவதும் நோய் அல்ல.

இனி, சாவை நினைப்பது பொதுவாகப் பலன் தருமா என்ற கேள்வி. இதில் ஆராய்ச்சி நிறைய நடந்திருக்கிறது, ஆனால் பலர் சொல்வதைப் போல அது ஒரே பக்கம் பேசவில்லை. 1989இல் வெளியான ஓர் ஆய்வு பிரபலமானது. அமெரிக்காவில் டூசன் நகர நீதிபதிகளில் ஒரு பகுதியினரிடம் தங்கள் சாவைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னார்கள், மற்றவர்களிடம் சொல்லவில்லை. பிறகு எல்லோரிடமும் ஒரே மாதிரியான வழக்கைக் கொடுத்துப் பிணைத்தொகை விதிக்கச் சொன்னார்கள். எழுதாதவர்கள் விதித்தது சராசரியாக 50 டாலர், எழுதியவர்கள் விதித்தது 455 டாலர். சாவு நினைவுக்கு வந்ததும் மனசு விரியவில்லை, இறுகிப் போனது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். தன் பழக்கத்தையும் தன் கூட்டத்தையும் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மீறியவர்களிடம் கடுமை காட்டுவது. இந்த வகை ஆய்வுகள் நூற்றுக்கணக்கில் வந்தன. பிற்பாடு பல ஆய்வகங்கள் சேர்ந்து அவற்றில் ஒன்றை அப்படியே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. அந்த முடிவு 2022இல் அச்சானது. ஆகவே சாவை நினைத்தால் மனிதன் கடுமையாகிவிடுவான் என்பதும் உறுதியில்லை, நல்லவனாகிவிடுவான் என்பதும் உறுதியில்லை.

அதைவிட எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஸ்டான்ஃபோர்டில் லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்த ஆய்வுகள். அவர்கள் கேட்டது எளிய கேள்வி. உங்களுக்கு அரை மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய சொந்தம், புதிதாக அறிமுகமானவர், நீங்கள் வாசித்த புத்தகத்தை எழுதியவர் இந்த மூவரில் யாரோடு இருக்க விரும்புவீர்கள்? வயதானவர்கள் பெரும்பாலும் சொந்தத்தையே சொன்னார்கள், இளைஞர்கள் மூன்றையும் கலந்து சொன்னார்கள். ஆனால் சீக்கிரமே தூர ஊருக்குத் தனியாகக் குடிபோகப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் இளைஞர்களும் சொந்தத்தையே தேர்ந்தார்கள். இன்னும் 20 வருஷம் கூட வாழலாம் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் வயதானவர்களும் இளைஞர்களைப் போல மாறினார்கள். 1997இல் ஹாங்காங் சீனாவிடம் போவதற்கு இரண்டு மாதம் முன்பு அங்கே இளைஞர்களும் முதியவர்களைப் போலவே பதில் சொன்னார்கள். ஓராண்டு கழித்துக் கேட்டபோது பழையபடி ஆகிவிட்டார்கள். ஆட்களின் மனசைத் திருப்பியது சாவு என்ற எண்ணமே அல்ல. இவர்களோடு இருக்கும் காலம் அளவானது என்ற உணர்வு.

உங்கள் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு இது புது விஷயமும் இல்லை. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கில் போனார்கள். அவர்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம் வீட்டில் எப்படி இருக்கும் என்று நான் சிகிச்சை பார்த்த வயதான ஆச்சிமார் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அந்த வாரம் வளவில் சண்டை வராது, பங்காளிகளுக்குள் பேசாமல் இருந்தவர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், பணியாரச் சட்டி அடுப்பை விட்டு இறங்காது என்பார்கள். திரும்பி வராமல் போனவர்களும் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வாரத்தில் எல்லாரும் செய்தது அதைத் தெரிந்துகொண்டு செய்ததுதான்.

பழைய மரபுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு யோசனை சொன்ன உறவினர் "பெரியவர்கள் எல்லாம் செய்தது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மைதான். பௌத்தத்தில் மரண சிந்தனை ஒரு முறையான பயிற்சி. ஆனால் அது பெரும்பாலும் வீட்டை விட்டு வந்த துறவிகளுக்கு, குருவின் பார்வையில், சங்கத்தின் நடுவில், ஒழுக்க விதிகளுக்குள் நடந்த பயிற்சி. மதுரையில் 1896இல் 16 வயதுப் பையனாக இருந்த வேங்கடராமன் திடீரென்று வந்த மரண பயத்தைக் கண்டு ஓடாமல், பிணத்தைப் போலப் படுத்து, "சாவது எது" என்று விசாரித்ததும், பின்னாளில் ரமண மகரிஷி ஆனதும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. அவர் அதன்பின் அந்த வீட்டில் நெடுநாள் இருக்கவில்லை, திருவண்ணாமலைக்குப் போய்விட்டார். உங்களுக்கோ காலையில் பிள்ளைகளை வேனில் ஏற்ற வேண்டும், மாலையில் ஆத்தாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஒருவருடைய மருந்துச் சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம்.

நம் மண்ணிலேயே குடும்பத்தோடு இருப்பவனுக்கு ஏற்ற ஒரு சிந்தனை இருக்கிறது. திருப்பத்தூருக்குப் பக்கத்தில் உள்ள மகிபாலன்பட்டியைத்தான் கணியன் பூங்குன்றனாரின் ஊர் என்று கொள்கிறோம். புறநானூற்றில் அவர் பாடிய 192ஆம் பாட்டின் முதல் வரியை எல்லோரும் மேடையில் சொல்கிறோம். அதே பாட்டில் "சாதலும் புதுவது அன்றே" என்று இருப்பது பலருக்கு நினைவில் இல்லை. சாவு புதிதல்ல என்கிறார். வாழ்வது இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுத்துத் துன்பம் என்று சலிக்கவும் இல்லை என்கிறார். ஆற்று வெள்ளத்தில் போகும் தெப்பம் போல உயிர் போகும் என்கிறார். பாட்டு அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஆகவே பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று போய்த்தான் நிற்கிறது. சாவில் தொடங்கிய நினைப்பு அடுத்த மனிதனை எப்படிப் பார்ப்பது என்பதில் போய் முடிகிறது. நான் உங்களுக்குச் சொல்ல நினைப்பதும் இதைத்தான். சாவைப் பற்றிய நினைப்பு ஓர் ஆளிடம், ஒரு பொருளிடம், இன்றைக்குச் செய்யக்கூடிய ஒரு காரியத்திடம் வந்து சேர வேண்டும். சேராமல் தனக்குள்ளேயே சுற்றினால் பயமாகத்தான் தங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சாகப்போகிறோம் என்று தெரிந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்ததில் தெரிந்துகொண்டேன். அவர்கள் சாவைப் பற்றி அதிகம் நினைப்பதாக எனக்குத் தெரியவில்லை. வலி அடங்கியதும் அவர்கள் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். கட்டிலை முகப்புக்குக் கொண்டுவந்து போடச் சொல்வார்கள். வெள்ளைப் பணியாரம் கேட்பார்கள், அரைப் பணியாரம்கூட இறங்காது, ஆனால் கேட்பார்கள். பேச்சுவார்த்தை இல்லாத தம்பிக்குப் போன் போடச் சொல்வார்கள்.

ஓர் ஆச்சி நினைவுக்கு வருகிறார். சினைப்பைப் புற்றுநோய் வயிறு முழுக்கப் பரவியிருந்தது. நாலு மாதம் என்று வெளியூர் மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள், அவருக்கும் தெரியும். ஒருநாள் போனபோது இரண்டாங்கட்டில் பாய் விரித்து, பூட்டிக் கிடந்த அறையில் இருந்த சாமானையெல்லாம் வெளியே எடுத்துப் பரப்பச் சொல்லியிருந்தார். வெண்கலப் பானை, மங்குச் சாமான், எவர்சில்வர் தூக்கு, கல்யாணத்துக்கு வந்து ஒருமுறைகூடப் புழங்காத பித்தளை அண்டா. படுத்தபடியே பேத்தியிடம் சிட்டை சொல்கிறார், பேத்தி நோட்டில் எழுதுகிறாள். எது யாருக்கு என்பது மட்டும் அல்ல, ஏன் என்றும் எழுதச் சொன்னார். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மருமகள்களும் அந்தச் சாமான்களைத் துடைத்து அடுக்கப் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. அந்த வேலை ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தது. சீக்கிரம் முடிக்க அவர் விடவில்லை. அவர் ஒரு நாளும் என்னிடம் மரணம், வாழ்வு என்றெல்லாம் பேசியதில்லை.

இன்னொருவர் கொத்தனார். பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு செய்தவர். வாயில் புற்று. பேசுவது குறைந்து, கடைசியில் சைகை மட்டும்தான். வெள்ளைப் பூச்சுக்குச் சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைப்பது, கடுக்காயும் வெல்லமும் எப்போது சேர்ப்பது, முட்டை வெள்ளைக்கரு எந்தப் பதத்தில் விடுவது என்று கொல்லையில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு மகனுக்குக் கையைப் பிடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மகன் அதுவரை சிமெண்ட் வேலை மட்டும்தான் செய்திருந்தான்.

மூன்றாவது ஒருவர் நல்ல படிப்பாளி. ஓய்வு பெற்றவர். சாவைப் பற்றிப் பல வருஷம் படித்து, தினமும் அதைத் தியானித்தும் வந்தார். தாள் தாளாகக் குறிப்பும் எழுதி வைத்திருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு, பயமில்லாமலும் போனார். ஆனால் அவர் மனைவிக்கு எந்த வங்கியில் கணக்கு என்றுகூடத் தெரியாது. "என்கிட்ட ஒரு வார்த்தை பேசலையே" என்பதைத்தான் அந்த அம்மா எனக்குச் சொன்னது. அவருடைய தியானம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நான் பார்ப்பது நோயில் மெல்ல மெல்லப் போகிறவர்களை மட்டும்தான். சாலையில் போனவர்களுக்கும், தூக்கத்தில் போனவர்களுக்கும் இப்படி அவகாசம் கிடைப்பதில்லை. வீட்டுக்கு மருத்துவரைக் கூப்பிடுகிற குடும்பம் ஏற்கனவே ஓரளவு மனசைத் தேற்றிக்கொண்ட குடும்பமாக இருக்கும். ஆகவே என் அனுபவத்தை வைத்து எல்லா மனிதரும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, சாகும்போது மனிதர்கள் வருந்தும் ஐந்து விஷயங்கள் என்று, அதையும் இதே எச்சரிக்கையோடு படியுங்கள். அது ஆஸ்திரேலியாவில் நோயாளிகளைப் பராமரித்த ஒரு பெண்மணி தன் நினைவிலிருந்து எழுதியது. மனசைத் தொடுகிறது, ஆனால் கணக்கெடுத்துச் செய்த ஆய்வு அல்ல.

ஆத்தா விஷயத்துக்கு வருகிறேன். செட்டிநாட்டில் சாவைப் பற்றி வாய் திறக்கவே விட மாட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உங்களைப் போல நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) சமூகத்தைச் சேர்ந்தவர் இல்லை. ஆனால் உங்கள் வீடுகளில் இத்தனை காலம் போய் வந்ததில் எனக்குத் தோன்றுவது வேறு. சொல்லாகப் பேச மாட்டார்கள், செய்கையாக நிறையச் செய்வார்கள். அறுபதுக்கும் எண்பதுக்கும் சாந்தி வைத்து, எமனை உதைத்த தலம் என்று திருக்கடையூர் வரை போய் வருகிறோமே, அது எதற்கு? ஒருவர் உயிரோடு, காது கேட்கிறபோதே, பிள்ளை, பேரன், சம்பந்தி, பங்காளி எல்லோரும் வந்து காலில் விழுந்து எழுந்து நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காலம் அளவானது என்று தெரிந்தவர்கள்தான் அப்படி ஒரு நாளை ஏற்படுத்துவார்கள். வீட்டில் படைப்பு நடக்கிறது. போனவர்களுக்குச் சேலையும் வேட்டியும் வைத்து, சமைத்துப் படைத்து, பங்காளிகள் கூடிச் சாப்பிடுகிறீர்கள். ஆத்தாவுக்குச் சாவைப் பற்றிப் பேசத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நீங்கள் கேட்ட நேரமும் கேட்ட விதமும் அவருக்கு ஒத்துவரவில்லை. "நாம எல்லாரும் ஒருநாள் போகத்தானே வேணும்" என்று தொடங்கினால், புருஷனை இழந்து சில மாதமே ஆன ஒரு பெண்ணுக்கு அது குத்தத்தான் செய்யும். "இந்த வருஷப் படைப்புக்கு அப்பச்சிக்குப் பிடிச்சது என்ன வைக்கலாம் ஆத்தா" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம் நீங்கள் பேசவே வேண்டியிருக்காது, அவர் பேசுவார்.

அப்பச்சியின் கடைசி மூன்று நாள். இதில் நான் ஓரளவு உறுதியாகப் பேச முடியும். கடைசி நாட்களில் சாப்பாடு குறைவதும், தூக்கம் கூடுவதும், கால் ஜில்லிடுவதும், மூச்சு விட்டு விட்டு வருவதும், தொண்டையில் களகள சத்தம் கேட்பதும் உடம்பு தன் வேலையை நிறுத்திக்கொள்ளும் வழக்கமான வரிசை. அந்தச் சத்தம் கேட்கிற நமக்குக் கொடுமையாக இருக்கும். அந்த நேரத்தில் நினைவு பெரும்பாலும் இருப்பதில்லை என்பதால் அவர்களுக்கு அது வேதனையாக இருப்பதில்லை என்றே எங்கள் துறையில் கருதுகிறோம். கண் திறக்காதவருக்குக் காது கேட்குமா என்பது பழைய கேள்வி. 2020இல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர், நினைவிழந்து கடைசி மணி நேரங்களில் இருந்த சில நோயாளிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். அவர்களில் சிலருடைய மூளை, ஒலிக்கு நல்ல உடல்நிலையில் இருப்பவர்களைப் போலவே பதில் கொடுத்தது. கேட்டதை அவர்கள் புரிந்துகொண்டார்களா என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை, ஆய்வும் சிறியது. ஆனாலும் நான் எப்போதும் வீட்டாரிடம் "பேசுங்கள், கேட்கும் என்று வைத்துக்கொண்டு பேசுங்கள்" என்றுதான் சொல்கிறேன். நீங்கள் அந்த மூன்று நாளும் கட்டிலை விட்டு நகரவில்லை, ஆத்தாவோடும் தங்கையோடும் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்குக் கேட்டிருந்தால் உங்கள் குரல்தான் கேட்டிருக்கும். அவரிடம் நேராகச் சொல்ல நினைத்து நின்றுபோனது எதுவோ, அதை ஒரு தாளில் அவருக்குக் கடிதமாக எழுதுங்கள். துக்கத்துக்கு ஆலோசனை சொல்கிறவர்கள் பலர் செய்யச் சொல்வதுதான் இது. சிலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை, யாருக்கு எது என்று முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழியில்லை.

இன்னொரு பயத்தையும் உங்கள் எழுத்தில் பார்த்தேன். "அவர் பட்ட வலியை நானும் படுவேனோ." சாவு பயம் என்று என்னிடம் சொல்கிறவர்களில் பாதிக்குமேல் பயப்படுவது வலிக்குத்தான். இது பெருமளவு தணிக்கக்கூடியது. புற்றுநோய் வலிக்கு வாய்வழி மார்ஃபின் மலிவான, நல்ல மருந்து. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நெடுங்காலம் அது கிடைப்பது கஷ்டமாக இருந்தது, 2014இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். முறையாகக் கொடுத்தால் வலிக்காக எடுப்பவர் போதைக்கு அடிமையாவது அரிது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வருகிறது; உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். இந்த விவரங்களைத் தெரிந்து வைத்திருப்பது, நான் பார்த்தவரையில், பத்து நிமிஷத் தியானத்தைவிட அதிகமாகப் பயத்தைக் குறைக்கிறது.

பழக்கமாக ஏதாவது வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். தினமும் வேண்டாம். வாரத்தில் ஒருநாள், பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது. "நான் சாவேன்" என்று தொடங்காமல் ஒருவருடைய பெயரில் தொடங்குங்கள். இவரோடு எனக்கு இருக்கும் காலம் அளவானது, அதற்குள் இவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும்? ஒன்றே ஒன்றை எழுதி, அன்று பொழுது சாய்வதற்குள் செய்துவிடுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஒருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வுகளில், தன் சாவைக் காட்சியாகக் கற்பனை செய்ததோடு நிற்காமல், அதுவரை வாழ்ந்த வாழ்க்கையையும் வீட்டார் அதை எப்படித் தாங்குவார்கள் என்பதையும் எழுதியவர்களிடம் பேராசை குறைந்தது. சிறிய ஆய்வுகள்தான், ஆனால் நான் வீடுகளில் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. ஆத்தாவிடம் அவர் சின்ன வயதுக் கதைகளைக் கேட்டு எழுதி வைக்கலாம். கனடாவில் ஹார்வி சொச்சினோவ் என்ற மருத்துவர் கடைசிக் கட்ட நோயாளிகளிடம் இப்படிக் கேட்டு, எழுதி, குடும்பத்திடம் கொடுப்பதை ஒரு சிகிச்சையாகவே வகுத்தார். 2011இல் வந்த பெரிய சோதனையில் மனவேதனையை அளக்கும் அளவுகோல்களில் அது மற்ற முறைகளைவிடக் குறைத்துக் காட்டவில்லை. ஆனாலும் தங்களுக்கு உதவியாக இருந்தது, குடும்பத்துக்கும் உதவும் என்று நோயாளிகள் அதிகமாகச் சொன்னார்கள். ஆத்தா நோயாளி இல்லை, அதனால் உங்களுக்கு அவசரமும் இல்லை.

காகித வேலையும் இதில் சேர்ந்ததுதான். உங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ஐம்பது, அறுபது பங்காளிகள், ஆளுக்கொரு நாட்டில், ஓடு மாற்றக்கூடக் கையெழுத்துச் சேராமல் மழையில் இறங்கிப்போன வளவுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்பச்சி உயில் வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உங்களுடையதை எழுதிவிடுங்கள். முத்திரைத் தாள் வேண்டியதில்லை, பதிவும் கட்டாயமில்லை, ஆனால் பதிவு செய்வது நல்லது. இரண்டு சாட்சிகள் கட்டாயம்; சொத்துப் பெறுகிறவரையே சாட்சியாக வைக்காதீர்கள். பிழைக்க வழியில்லாத நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதையும் முன்கூட்டி எழுதி வைக்க 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வழி செய்தது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னிலையில் கையெழுத்திட்டால் போதும் என்றாக்கியது. சொத்துச் சிக்கல் இருந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

கடைசியாக, உங்கள் படபடப்பைப் பற்றி. துக்கம்தான் காரணம் என்று நானாக முடிவுகட்ட மாட்டேன், உங்களை நான் சோதித்துப் பார்க்கவில்லை. ஒரு இசிஜி, ரத்தத்தில் தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த அழுத்தம் இவற்றை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். காபி எத்தனை டம்ளர் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயிற்சியை நிறுத்தி மூன்று வாரம் ஆகியும் விழிப்பும் படபடப்பும் குறையாவிட்டால், அல்லது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவே முடியாமல் போனால், மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள். என்றைக்காவது பயம் மாறி, செத்துப்போய்விட்டால் தேவலை என்ற எண்ணம் வந்தால், அது நாம் இதுவரை பேசிய விஷயமே அல்ல. அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416 எண்ணுக்கோ 104க்கோ பேசுங்கள். 14416 டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், எந்த நேரமும் இலவசம், தமிழிலேயே பேசுவார்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.